மார்கழிக் கச்சேரியைப் படம் எடுக்கப் போகிறீர்களா?

சென்னை சபாக்களில் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், கண்ணை மூடி ஆலாபனையில் இருப்பவர் முகத்தில் வெளிச்சம் அடிப்பது பெரிய கொடுமை. கேமரா வெளிச்சத்தை எவ்வளவு உணர வேண்டும் என்று சொல்லும் ஐஎஸ்ஓவை 3200 வரை தாராளமாக ஏற்றுங்கள், படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பரவாயில்லை. சத்தமில்லாத ஷட்டரில் எடுக்கும்போது சில எல்இடி விளக்குகளால் படத்தில் கோடு கோடாக விழும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம், பாடுபவருக்கு நேர் எதிரே உட்காராதீர்கள், மைக் வாயை மறைத்துவிடும், சற்றுப் பக்கவாட்டில் இருங்கள். மிருதங்கக்காரரை எடுக்க, தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் வரை காத்திருங்கள். படத்தில் விரல்கள் கலங்கலாக விழுந்தாலும் அழகுதான், ஆனால் முகம் அசையாத நொடியில் அழுத்த வேண்டும்.