ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு மாறும்போது வரும் பதற்றம்: நான் கையாண்ட முறை

பைபாஸ் அறுவை சிகிச்சைக்குப் பின் நான்காம் நாள், ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர் என்னை வார்டுக்கு மாற்றலாம் என்றதும் வீட்டாரின் முகம் மலர்ந்தது. எனக்கோ வயிற்றைக் கலக்கியது. செவிலியர் துறையில் 'இடமாற்ற மன அழுத்தம்' என்று குறிப்பிடப்படும் நிலைதான் இது என்பதைப் பிறகே அறிந்தேன்.

முதற்படி: மாற்றுவதற்கு முன்பே, எத்தனை மணிக்கு மாற்றுவார்கள், எந்தெந்தக் குழாய்களை எடுப்பார்கள், வார்டில் எத்தனை மணிக்கொருமுறை நாடியும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள் என்று கேட்டு, உங்களுடன் துணைக்கு இருக்கும் அட்டெண்டரைக் கொண்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இதற்குச் செல்பேசியைவிட நாற்பது பக்க நோட்டே மேல்.

இரண்டாம் படி: மானிட்டர் இல்லாமல் இருக்கப் பழகுங்கள். இதில்தான் நான் சறுக்கினேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியர் ஓரிரு நோயாளிகளை மட்டுமே பார்ப்பார். தலைமாட்டில் மானிட்டர் இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். வார்டில் அந்த ஒலி இல்லாததால், இதயம் நின்றால் யாருக்குத் தெரியும் என்று முதல் இரவு முழுவதும் கழுத்து நாடியைத் தொட்டுப் பார்த்தபடியே விழித்திருந்தேன். மறுநாள் நண்பரை அனுப்பி விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கிவரச் செய்தது அதைவிடப் பெரிய தவறு. விரல் குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் அது தவறான எண்ணைக் காட்டக்கூடும் என்பதை அறியாமல், பத்து நிமிடத்துக்கொருமுறை பார்த்துப் பார்த்துப் பதறினேன். மருத்துவர் சொன்னாலொழிய அதை வாங்காதீர்கள். இடைவிடாத கண்காணிப்பு இனித் தேவையில்லை என்று மருத்துவர்கள் முடிவு செய்ததால்தான் மானிட்டரைக் கழற்றினார்கள் என்று செவிலியர் ஒருவர் பொறுமையாக விளக்கிய பிறகே எனக்கு உறக்கம் வந்தது. முடிந்தால், மாறுவதற்கு முந்தைய நாளே மானிட்டரின் திரையை உங்கள் பார்வையில் படாதபடி சற்று நேரம் திருப்பிவைக்கச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பழகிய பொருளொன்றை உடன் கொண்டுசெல்லுங்கள். மூச்சுப் பயிற்சிக்காகப் பிசியோதெரபிஸ்ட் தந்த மூன்று பந்துக் கருவியே எனக்கு அப்படியொரு பொருளாயிற்று. புதிய அறையிலும் அதே பந்துகள், அதே பயிற்சி. பதற்றம் கூடும்போது, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாக மூச்சை உள்ளிழுத்து, அதைவிடச் சற்று நீளமாக வெளிவிடுங்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால், பதற்றம்தான் என்று நீங்களாகவே முடிவு செய்யாமல் உடனே காலிங்பெல்லை அழுத்துங்கள்.

பின்சேர்க்கை: தம் தந்தை இரவில் இடம் தெரியாமல் உளறியதை வெறும் பயம் என்று விட்டுவிட்டதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். முதியவர்களுக்குத் திடீரென ஏற்படும் இத்தகைய குழப்பம் 'டெலிரியம்' ஆக இருக்கக்கூடும். அதை அப்போதே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி ஆகியவற்றை அணிவித்து, கடிகாரம் கண்ணில் படும்படி படுக்கவைப்பதும், பகலில் சன்னல் திரையை விலக்கி வெளிச்சம் வரச் செய்வதும் உதவும். வார்டு மாறும்போது இந்தக் கண்ணாடியும் கருவியும்தான் பழைய கட்டிலிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே, அவற்றை அட்டெண்டர் தம் கையிலேயே வைத்திருக்கட்டும்.