வெட்ட ஒருவர், பொறுக்க ஒருவர், பிரித்து அடுக்க ஒருவர்: மைன்கிராஃப்டில் தானாக ஓடும் கோதுமைக் காடு

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் செம்பனைத் தோட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்குவது சுலபம். குலை வெட்டுகிறவர் வெட்டிக்கொண்டே போவார். கீழே சிதறும் உதிரிப்பழத்தைப் பொறுக்க வேறு ஆள். ஸ்டோரில் எது எங்கே போகவேண்டும் என்று பார்க்க இன்னொருவர். மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டிலும் அப்படித்தான். விவசாயி வில்லேஜர் (ஆட்டத்தின் ஊர்க்காரர்) அறுவடை செய்வார், ஆலே என்ற பறக்கும் குட்டி உயிர் பொறுக்கும், காப்பர் கோலம் என்ற செம்புப் பொம்மை பெட்டி பெட்டியாகப் பிரிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலைதான் தெரியும். ஒன்றின் வேலை முடியும் இடத்தில் அடுத்ததன் வேலை தொடங்குமாறு இடத்தை அமைப்பதுதான் உங்கள் பொறுப்பு. பெரும்பாலானோர் கோட்டை விடுவதும் அங்கேதான்.

கீழே உள்ள அளவுகள் கணினியில் ஆடும் ஜாவா பதிப்புக்கானவை. காப்பர் கோலம் 2025 செப்டம்பர் 30-இல் வந்த 1.21.9 பதிப்பில்தான் சேர்ந்தது. உங்களிடம் இருப்பது அதற்கு முந்தையது என்றால் கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள், மற்றவை 1.19.1 முதலே வேலை செய்யும்.

முதலில் பொருள். ஹாப்பர் (பொருளை இழுத்து அடுத்த பெட்டிக்குத் தள்ளும் புனல்) நான்கு வேண்டும்: நோட் பிளாக்கை அடிக்கவைக்கும் கடிகாரத்துக்கு இரண்டு, தண்டவாளத்துக்குக் கீழே ஒன்று, ஹாப்பர் வண்டி செய்ய ஒன்று. இதற்கு 20 இரும்பு. வண்டிக்கு 5, தண்டவாளத்துக்கு 6 (ஒன்றுதான் தேவை, ஆனால் ஒரு தடவை செய்தால் 16 கிடைக்கும்). ஆக 31 இரும்பு. செம்பு 12: ஒன்பதில் ஒரு செம்புக் கட்டி, மூன்றில் ஒரு இடிதாங்கி. ஒரு நோட் பிளாக் (ஒலி எழுப்பும் கட்டி), ஒரு கம்போஸ்டர் (விவசாயி வேலைக்கான உரத்தொட்டி), ஒரு கம்பாரேட்டர் (ஹாப்பரில் பொருள் இருந்தால் சிக்னல் தரும் கருவி). கம்பாரேட்டருக்கு நெதர் குவார்ட்ஸ் ஒன்று வேண்டும், அதனால் நெதர் என்ற பாதாள உலகுக்கு ஒரு நடை போயே ஆகவேண்டும். கண்ணாடி நான்கு அடுக்கு, அதாவது 256. கோதுமை விதை எட்டு அடுக்கு, 512. இதோடு நடுவதற்கு ஓர் 80 விதை தனியாக. புல்லை அடித்து விதை சேர்ப்பது சலிப்பான வேலைதான், ஆனால் இதில் கஞ்சத்தனம் செய்தால் மொத்த ஏற்பாடும் படுத்துவிடும். ஏன் என்று பிறகு வருகிறது.

நிலம்

9-க்கு 9 சதுரம். நடுக்கட்டத்தில் ஒரு வாளித் தண்ணீர். நீர் நாலாபுறமும் நான்கு கட்டம் வரை மண்ணை ஈரமாக வைக்கும், அதனால் ஒரு வாளியே போதும். தண்ணீருக்கு நேர் மேலே கம்போஸ்டரை வையுங்கள். அங்கே வைத்தால் விவசாயி தண்ணீரில் விழமாட்டார், எந்தப் பக்கமிருந்தும் அதை அடையலாம்.

சதுரத்தின் ஏதாவது ஓர் ஓரத்தில், நடுவில், மண்ணை எடுத்துவிட்டு அதே மட்டத்தில் நோட் பிளாக்கைப் பதியுங்கள். இனி நட 79 கட்டம் மிச்சம். நோட் பிளாக்குக்கு மேலே வெறும் காற்று இருக்கவேண்டும். ஒரு பொருள் மூடினாலும் சத்தம் வராது, சத்தம் வராவிட்டால் ஆலேக்கு அந்த இடம் இருப்பதே தெரியாது.

நோட் பிளாக்குக்கு நேர் கீழே ஒரு கட்டம் தோண்டித் தண்டவாளம், அதன் மேல் ஹாப்பர் வண்டி. சாதாரண ஹாப்பரை அங்கே வைத்தால் பயனில்லை, முழுக் கட்டிக்கு மேலே கிடக்கும் பொருளை அது இழுக்காது. ஹாப்பர் வண்டி இழுக்கும். தண்டவாளத்துக்குக் கீழே ஒரு ஹாப்பர், அதன் வாய் வயலுக்கு வெளியே, கிடங்கு அறைப் பக்கம் திரும்பியிருக்கட்டும்.

சுவரும் கூரையும் கண்ணாடி. வயலைச் சுற்றி 11-க்கு 11 சதுரச் சுற்று, மூன்று உயரம், 120 கட்டி. கூரைக்கு 121. கூரை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கடிகாரம் ஏதோ காரணத்தால் நின்றால் ஆலே தன் முதலாளியான உங்களைத் தேடிக் கிளம்பிவிடும், 64 கட்டம் வரை பின்தொடரும். திறந்த வெளியில் அதைத் தேடிப் பிடிப்பதைவிட 121 கண்ணாடி மலிவு.

வயலிலிருந்து சற்றுத் தள்ளி இடிதாங்கி ஒன்று நட்டுவிடுங்கள். மாலையில் இடி உறுமத் தொடங்கியதும் மோடத்தின் வயரைப் பிடுங்கும் ஊர் நமது. ஆட்டத்திலும் அதே எச்சரிக்கை தேவை: மின்னல் பக்கத்தில் விழுந்தால் வில்லேஜர் சூனியக்காரியாக மாறிவிடுவார். எட்டு அடுக்கு விதை கொடுத்து ஆளாக்கிய விவசாயி ஒரே நொடியில் போய்விடுவார்.

விவசாயி

வேலை இல்லாத வில்லேஜர் ஒருவரைப் படகில் ஏற்றிக் கொண்டுவாருங்கள். பச்சை அங்கிக்காரரை மட்டும் தொடாதீர்கள், அவர் எந்த வேலைக்கும் போகாத பிறவி. ஏற்கெனவே வேறு வயலில் வேலை பார்த்தவரும் வேண்டாம், அவர் பையில் கோதுமை இருக்கலாம்.

பைதான் இங்கே முக்கியம். வில்லேஜரின் பையில் எட்டு அறை. காலியாக விட்டால் அறுத்த கோதுமையை அவரே எடுத்து வைத்துக்கொள்வார், உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் வயலில் இறக்குவதற்கு முன்பே, ஒரு கட்ட இடத்தில் நிறுத்தி, எட்டு அடுக்கு விதையையும் அவர் காலடியில் போடுங்கள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வார். போட்ட விதை தரையிலேயே கிடக்கத் தொடங்கினால் பை நிறைந்துவிட்டது என்று பொருள். இனி அவர் விளைந்த பயிரை அறுப்பார், விதையை நடுவார், கோதுமையை எடுக்க இடமிருக்காது, தரையில் கிடக்கும். அந்த உதிரியைப் பொறுக்கத்தான் ஆலே.

கம்போஸ்டரைப் பிடித்து விவசாயியானதும் ஒரு முறை வியாபாரம் செய்துவிடுங்கள், அதன்பின் தொழில் மாறாது. இவரும் காலைப் பெரட்டு (தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுப்பது) ஆள்தான்: 20 நிமிட நாளில் வேலை நேரம் சுமார் 6 நிமிடம். சாயங்காலம் போய் நின்று பார்த்துவிட்டு ஏற்பாடு கெட்டுப்போச்சு என்று இடித்தவர்கள் ஏராளம். காலையில் போய்ப் பாருங்கள்.

கடிகாரம்

நோட் பிளாக் ஒருமுறை ஒலித்தால் அதைக் கேட்ட ஆலே 30 நொடிக்கு அங்கேதான் பொருளைக் கொண்டு வரும். அதற்குள் மறுபடி ஒலிக்கவேண்டும். எளிய வழி ஹாப்பர் கடிகாரம். வயலுக்கு வெளிப்பக்கம், நோட் பிளாக்கை ஒட்டி, அதே மட்டத்தில் ஒரு கட்டம் எடுத்துவிட்டுக் கம்பாரேட்டர் வையுங்கள். அதன் முகம் நோட் பிளாக்கைப் பார்க்கட்டும். கம்பாரேட்டருக்குப் பின்னால் ஒரு ஹாப்பர், அதற்கும் பின்னால் இன்னொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று வாய் கொடுத்து நிற்கவேண்டும். ஸ்னீக் (பதுங்கும்) பொத்தானைப் பிடித்துக்கொண்டே வைத்தால்தான் இணையும். ஒன்றில் ஒரே ஒரு பொருளைப் போடுங்கள், ஒரு கல் போதும். அது இங்கும் அங்கும் போய்வர, 0.8 நொடிக்கு ஒருமுறை நோட் பிளாக் அடிக்கும்.

ஒரே ஒரு பொருள் என்பதைத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது. இரண்டு விழுந்தால் இரு ஹாப்பரிலும் எப்போதும் ஒன்று இருக்கும், சிக்னல் அணையாது, அணையாத சிக்னலுக்கு நோட் பிளாக் மறுபடி அடிக்காது. வெளியே கிடக்கும் குப்பை உள்ளே விழாமல் ஹாப்பர்களின் தலையில் கல் கட்டி வைத்து மூடுங்கள். சத்தம் தலைவலி தந்தால் ஒலி அமைப்பில் ஜூக்பாக்ஸ், நோட் பிளாக்குக்கு என்று தனி அளவு இருக்கிறது, அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆலேயின் காதுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் அழகுக்காகக் கம்பளிக் கட்டியை இடையில் அடுக்காதீர்கள். கம்பளி ஒலியைத் தடுக்கும், ஆலே கேட்காது.

ஆலே

பில்லேஜர் என்ற கொள்ளையரின் காவல்கோபுரத்துக் கூண்டுகளிலும், அடர்காட்டு மாளிகையின் சிறைகளிலும் கிடைக்கும். கூண்டை உடைத்து ஒரு கோதுமையைக் கையில் கொடுத்தால் உங்களோடு வரும். கொடுத்த பொருள் எதுவோ அதைத்தான் பொறுக்கும், 32 கட்ட எல்லைக்குள். நோட் பிளாக்கிலிருந்து 16 கட்டத்துக்குள் இருந்தால்தான் ஒலி கேட்கும். இந்த வயலுக்கு அந்தக் கவலை இல்லை.

ஒன்று போதுமா? போதாது. ஆலே கோதுமையை ஒவ்வொன்றாகத்தான் எறியும், எறிந்த பின் மறுபடி எடுக்க சுமார் 3 நொடி எடுக்கும். தரையில் கிடக்கும் பொருள் 5 நிமிடத்தில் மறைந்துவிடும். விவசாயி காலையில் மளமளவென்று அறுத்துத் தள்ளும்போது ஓர் ஆலே திணறும். மூன்று வையுங்கள். இன்னும் இரண்டு கோபுரம் தேடி அலையவேண்டாம்: ஜூக்பாக்ஸில் தட்டு போட்டால் பக்கத்தில் இருக்கும் ஆலே ஆடும், ஆடும்போது அமெதிஸ்ட் துண்டு ஒன்றைக் கொடுத்தால் இரண்டாகும். அடுத்த முறைக்கு 5 நிமிடம் பொறுக்கவேண்டும். புதிதாக வந்தது வெறுங்கையோடு இருக்கும், அதற்கும் கோதுமை கொடுக்க மறக்காதீர்கள்.

மிச்ச விதையையும் விடுவானேன் என்று நான்காவது ஆலேக்கு விதை கொடுக்கத் தோன்றும். வேண்டாம். விவசாயி அவ்வப்போது விதையைக் கம்போஸ்டரில் போடுகிறவர். தரையில் கிடப்பதை எடுத்துத்தான் பையை மறுபடி நிரப்பிக்கொள்வார். ஆலே அதையும் தூக்கிப்போனால் நாளடைவில் ஓர் அறை காலியாகும், கோதுமை அதற்குள் நுழையும், பெட்டிக்கு வரும் வரத்து காரணம் தெரியாமல் சரியும். வரத்து குறைந்தால் முதல் வேலையாக ஓர் அடுக்கு விதையை விவசாயி முன் போட்டுப் பாருங்கள். எடுத்தால் அங்கேதான் கோளாறு.

காப்பர் கோலம்

தண்டவாளத்துக்குக் கீழே உள்ள ஹாப்பரின் வாய் எந்தக் கட்டத்தைப் பார்க்கிறதோ அங்கேயே செம்புக் கட்டியை வையுங்கள். அதன் தலையில் செதுக்கிய பூசணிக்காய். கோலம் எழுந்து வரும், செம்புக் கட்டி செம்புப் பெட்டியாக மாறிவிடும். பெட்டியைத் தனியாகச் செய்யவேண்டியதில்லை.

கோலம் செம்புப் பெட்டியிலிருந்து ஒரு நடைக்கு 16 பொருள் வரை எடுத்து மரப்பெட்டிகளில் வைக்கும். பக்கவாட்டில் 32 கட்டம், மேலே கீழே 8 கட்டம் வரை தேடும். ஏற்கெனவே அதே பொருள் இருக்கும் பெட்டியிலோ காலிப் பெட்டியிலோ போடும். காலிப் பெட்டிதான் வம்பு: எது முதலில் அகப்படுகிறதோ அதில் கோதுமையைக் கொட்டிவிடும். அதனால் எல்லாப் பெட்டியிலும் முன்கூட்டியே ஒவ்வொரு பொருளைப் போட்டு அடையாளம் வையுங்கள். ஒரு சுற்றில் 10 பெட்டிக்கு மேல் பார்க்காது, சற்று நின்றுவிட்டுத்தான் தொடரும். கோதுமைக்கு மட்டும் என்றால் கோலம் தேவையே இல்லை, ஒரு மரப்பெட்டி போதும். சுரங்கத்திலிருந்து கொண்டுவரும் கல், நிலக்கரி, இரும்பு எல்லாவற்றையும் அதே செம்புப் பெட்டியில் கொட்டுகிறவருக்குத்தான் இந்தக் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பயன்படுவார். படி வைத்து அறைக்குள் இறங்க வழி விடுங்கள்.

விட்டால் கோலத்துக்குக் களிம்பு ஏறும். ஒவ்வொரு நிலைக்கும் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கடைசியில் சிலையாக உறைந்துவிடும். பிறந்ததுமே தேன்கூட்டுத் துண்டு ஒன்றால் மெழுகு பூசிவிட்டால் அந்தக் கவலை இல்லை. ஏற்கெனவே பச்சையேறியிருந்தால் கோடாரியால் சுரண்டுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் அசையவில்லையா? பலர் சேர்ந்து ஆடும் உலகில் கிரீப்பர் வெடித்து வீடு பாழாகாமல் இருக்க மாப் கிரீஃபிங் விதியை (ஆட்டத்து உயிர்கள் உலகில் கைவைக்க விடும் அமைப்பு) அணைத்து வைத்திருப்பார்கள். அது அணைந்தால் விவசாயி அறுக்கமாட்டார், ஆலே பொறுக்காது. திரும்ப ஓடவிடுவதைத் தவிர வழியில்லை. கிரீப்பருக்குப் பூனை வளர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று தூரம். பழைய மடிக்கணினியில் சிமுலேஷன் தூரத்தை 5 ஆகக் குறைத்து ஆடினால் 80 கட்டத்துக்கு அப்பால் எதுவும் ஓடாது. வயலை வீட்டுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். வீட்டு வைஃபையில் அண்ணன் திறந்து வைக்கும் உலகில் ஆடுகிறீர்கள் என்றால், அவர் மடிக்கணினியை மூடும்போது மூன்று பேரும் அந்தந்த இடத்தில் அப்படியே நிற்பார்கள். திறந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.