முகூர்த்தம் குறிக்கும் முன் விசா வழி: வெளிநாட்டு இணையருடன் குடிபெயர்வோர் கவனத்துக்கு

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வெளிநாட்டவர் ஒருவரை மணந்து அயல்நாட்டில் குடியேற விரும்பும் பிள்ளைகளின் வீடுகளில், இரு தரப்பும் சம்மதித்ததும் முதலில் தேடப்படுவது முகூர்த்த நாள்தான். பெரியவர்களைக் கலந்து நாள் குறித்து, பத்திரிகை அடித்து, சமையலுக்கு ஆள் பேசி, எல்லாம் முடிந்த பிறகே விசாவைப் பற்றிய யோசனை வருகிறது. இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே நான் சொல்ல வருவது. திருமணம் எந்த நாளில், எந்த நாட்டில், எந்தச் சட்டத்தின்கீழ் நடக்கிறது என்பதைப் பொறுத்தே சில விசா வழிகள் திறக்கின்றன; சில வழிகள் அந்த நாளோடு அடைபட்டுப் போகின்றன.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். இணையர் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவராக இருந்தால், திருமணத்துக்கு முன்பே செல்வதற்கான கே-1 என்னும் ஃபியான்சே விசா, திருமணத்துக்குப் பின் குடியேறுவதற்கான ஸ்பவுஸ் விசா என இரண்டு வழிகள் உண்டு. கே-1 வழியில், மனு அளிப்பதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் இறங்கிய 90 நாட்களுக்குள் திருமணத்தை முடிக்க வேண்டும். அதன் பிறகே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதால் வேலை அனுமதிக்கும் காத்திருக்க நேரிடும். ஸ்பவுஸ் விசாவில் செல்பவரோ உள்ளே நுழையும் நாளிலேயே நிரந்தரக் குடியிருப்புரிமை பெற்றுவிடுகிறார். அப்போது திருமணமாகி 2 ஆண்டுகள் நிறைவடையவில்லை என்றால் அந்த உரிமை 2 ஆண்டுகளுக்கு நிபந்தனையுடன் கிடைக்கும். சில மாதங்கள் பிரிந்திருக்க முடியும் என்றால் ஸ்பவுஸ் விசாவே மேலானது என்பது என் கருத்து.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஊரில் திருப்பூட்டும் சடங்கை, அதாவது தாலி கட்டுவதை, நடத்திவிட்டு, "பதிவுதான் செய்யவில்லையே, இன்னும் திருமணம் ஆகாதவர்கள்தானே" என்ற எண்ணத்தில் கே-1 விசாவுக்குப் போகக் கூடாது. மாலையும் கழுத்திரு என்னும் திருமணத் தாலியுமாக எடுத்த ஒரு புகைப்படத்தைப் பார்க்கும் அதிகாரி உங்களை ஏற்கெனவே மணமானவர்களாகக் கருதி மறுக்க இடமுண்டு. அந்த விசாவைத் தேர்ந்தெடுத்தவர்கள், வீட்டுப் பெரியவர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும், இங்கே சடங்கை நடத்தாமல் நிறுத்திவைப்பதே சரி.

மற்ற நாடுகளிலும் நாள் முக்கியமே. சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவரை மணப்பவர்கள், நீண்டகால வருகை அனுமதி கிடைக்குமா என்பதைத் திருமணத்துக்கு முன்பே அந்நாட்டுக் குடிநுழைவு ஆணையத்திடம் மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துத் தெரிந்துகொள்ளலாம். தெரிந்துகொண்டு நாள் குறிப்பது எவ்வளவோ நிம்மதி. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் இந்தியாவில் மணம் செய்துகொள்வதற்கு முன் தம் நாட்டுத் துணைத் தூதரகத்திடம் திருமணத் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும். பின்னர் அத்திருமணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றிய பிறகே விசாப் பணி சுலபமாகும். பிரிட்டனின் ஃபியான்சே விசா 6 மாதங்களுக்கே தரப்படுகிறது. அந்தக் காலத்தில் வேலை செய்ய முடியாது. மணமான பின் அங்கிருந்தே இன்னொரு முறை கட்டணம் செலுத்தி ஸ்பவுஸ் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கேதான் திருமணம் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

இங்கே மணம் செய்வதென்றால் எந்தச் சட்டம்?

இருவரும் இந்துக்களாக இருந்தால் மட்டுமே 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் பொருந்தும். இணையர் வேறு மதத்தவர் என்றால், கோயிலில் எவ்வளவு சிறப்பாகச் சடங்கு நடந்திருந்தாலும், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமே துணை. இருவரில் ஒருவரேனும் அந்த மாவட்டத்தில் 30 நாட்கள் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. ஊரிலேயே இருக்கும் நம் பிள்ளைக்கு இது எளிது. திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுத்த பின் 30 நாட்கள் அது அலுவலகத்தில் ஒட்டப்பட்டிருக்கும். ஆட்சேபம் இல்லை என்றால் 3 சாட்சிகளுடன் பதிவு நடக்கும். அறிவிப்புக் கொடுத்து 3 மாதங்களுக்குள் முடிக்காவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனவே வெளிநாட்டு இணையர் விடுமுறையில் சில நாட்கள் மட்டும் வந்து போகும்போது பதிவை முடித்துவிடலாம் என்று கணக்கிட வேண்டாம். அவர் திருமணமாகாதவர் என்பதற்கு அவர் நாட்டுத் தூதரகச் சான்றும் கேட்கப்படும். அதை அவர் புறப்படுவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடச் சொல்லுங்கள். சடங்கு முன்பே நடந்து சேர்ந்து வாழ்பவர்கள் அதே சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ் அத்திருமணத்தைப் பதிவு செய்துகொள்ள வழியுண்டு. நகரத்தார் எனப்படும் நம் செட்டியார் சமூகத்தின் கோயில்களில் திருமணம் பதிவாவது குலத்தின் வழக்கம். அது விசா அதிகாரியிடம் அரசுச் சான்றிதழுக்கு ஈடாகாது.

மணமாகாமலே சேர்ந்து வாழும் இணையருக்கும் வழிகள் உண்டு. கனடாவில் 12 மாதங்கள் தொடர்ந்து ஒரே வீட்டில் வாழ்ந்த இணையர்களைத் துணைவர்களாக ஏற்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் பொதுவாக 12 மாதங்களே அளவு. பிரிட்டனில் திருமணத்துக்கு நிகரான உறவு 2 ஆண்டுகள் நீடித்திருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, கூட்டு வங்கிக் கணக்கு ஆகியவை இருவர் பெயரிலும் வேண்டும் என்பதால், மணத்துக்கு முன் சேர்ந்து வாழ்வதை வீடு ஏற்காத நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு இது பொருந்துவதில்லை. ஆனால் தன்பாலின இணையர்களுக்கு இதுவே முதன்மையான வழி. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டதால், இந்தியச் சான்றிதழ் ஒன்றை அவர்கள் காட்ட இயலாது. சேர்ந்து வாழவும் மணக்கவும் தடை உள்ளவர்களுக்கெனக் கனடாவில் தனிப் பிரிவே இருக்கிறது. அத்தகைய பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், ஆவணங்களைச் சேர்க்க உதவுவதே நீங்கள் செய்யக்கூடிய பேருதவி.

பணம்: எது கணக்கில் வரும்?

பிரிட்டனில் ஸ்பான்சர் செய்பவரின், அதாவது துணைவரைப் பொறுப்பேற்று அழைத்துக்கொள்பவரின், ஆண்டு வருமானம் 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்டாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும்போது நம் பிள்ளை இங்கே வாங்கும் சம்பளம் அதில் சேராது. ஸ்பான்சரும் இங்கேயே வசிப்பவர் என்றால், பிரிட்டனில் உறுதியான வேலை ஒன்றையும் அவர் காட்ட வேண்டும். வருமானமே இல்லாதவர்கள் 88,500 பவுண்டு சேமிப்பைக் குறைந்தது 6 மாதங்கள் கணக்கில் வைத்திருந்து காட்டலாம். நம் ஊர்க் குடும்பங்கள் தடுமாறும் இடம் இதுதான். பெரிய வீடும் சீராக வந்த நகையும் இருக்கின்றனவே என்கிறார்கள். வீட்டை விற்றுப் பணமாக்கி வங்கியில் வைத்தால் ஒழிய அது கணக்கில் வராது. பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீக வீட்டை அப்படி விற்பதும் எளிதல்ல. நகை நகையாக இருக்கும்வரை சேமிப்பில் சேராது. பெற்றோர் அன்பளிப்பாகத் தரும் பணத்தை ஏற்பார்கள் என்பதால், தருவதாக இருந்தால் 6 மாதங்களுக்கு முன்பே தந்துவிடுவது நல்லது.

அமெரிக்காவில் ஸ்பான்சரின் வருமானம் வறுமைக்கோட்டு அளவின் 125 விழுக்காடு இருந்தால் போதும். கனடாவில் துணைவரை ஸ்பான்சர் செய்யப் பொதுவாக வருமான வரம்பே இல்லை. வருமானம் குறைவான இணையருக்கு இரு நாட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் இந்த வேறுபாடே முடிவைத் தீர்மானிக்கும். ஜெர்மனியில் பணத்தைவிட மொழி முன்னே நிற்கிறது. துணைவர் விசாவுக்குப் பெரும்பாலும் ஏ1 என்னும் தொடக்க நிலை ஜெர்மன் மொழிச் சான்றிதழ் தேவை. சென்னையில் உள்ள கோதே நிறுவனத்தில் அத்தேர்வை எழுதலாம். ஐரோப்பிய ஒன்றியத்து இணையர் தம் சொந்த நாட்டில் அல்லாமல் ஒன்றியத்தின் வேறொரு நாட்டில் வசித்தால், 2004ஆம் ஆண்டின் சுதந்திர நடமாட்ட நெறிமுறைப்படி அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ விசாக் கட்டணமே கிடையாது.

இருவருக்கும் சொந்தமல்லாத மூன்றாம் நாட்டுக்குப் போவதென்றால், ஒருவர் வேலை விசா பெற்று மற்றவர் அவரைச் சார்ந்தவருக்கான டிபென்டன்ட் விசாவில் செல்வதே வழக்கமான வழி. அங்கே டிபென்டன்டுக்கு வேலை செய்யும் உரிமை உண்டா என்பதை முதலில் கேளுங்கள்.

பெயரும் முதலெழுத்தும்

ஆவணங்களில் நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் பெயர். பத்திரிகையில் "அரு.மெ.பழ." என்று மூன்று தலைமுறையின் முதலெழுத்துகளும் நிற்கும்; பள்ளிச் சான்றிதழில் அவற்றுள் ஒன்றுதான் இருக்கும்; பாஸ்போர்ட்டிலோ தகப்பனார் பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயராகிவிடும். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும். விசா அதிகாரிக்குத் தெரியாது. திருமணச் சான்றிதழில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளவாறே எழுத்துப் பிசகாமல் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வேறுபாடு நேர்ந்துவிட்டால் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து உடன் வையுங்கள்.

சான்றிதழ்களை மாநில அரசின் சான்றொப்பத்துக்குப் பின் வெளியுறவு அமைச்சகத்தில் அப்போஸ்டில் (வெளிநாடுகள் ஏற்கும் உறுதிச் சான்று முத்திரை) செய்ய வேண்டும். ஜெர்மனி இந்திய அப்போஸ்டிலை ஏற்பதில்லை. அங்கே தூதரகம் ஆவணங்களைத் தனியே சரிபார்க்கும் என்பதால் கூடுதல் மாதங்களை ஒதுக்குங்கள். பிரிட்டனுக்குச் செல்வோர் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் பெற வேண்டும்.

உறவு உண்மையானது என்பதற்கான சான்றுகளில் அளவைவிடத் தேர்வே முக்கியம். கல்யாண ஆல்பம் முழுவதையும் அனுப்புவதால் பயனில்லை. வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) பெற்றோருடன் இருவரும் அமர்ந்திருக்கும் படம், இணையரின் பெற்றோர் இங்கே வந்த பயணச் சீட்டு, பிரிந்திருந்த மாதங்களின் தொலைபேசிப் பதிவுகள் எனச் சிலவற்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் கீழும் நாளும் இடமும் இருப்பவர்களின் உறவுமுறையும் எழுதி வையுங்கள். "அப்பச்சி, ஆச்சி" என்று மட்டும் எழுதாமல் யாருக்கு என்ன உறவு என்று விளக்குங்கள்.

புறப்படுவதற்கு முன் பூர்வீகச் சொத்தில் பங்குள்ளவர்கள் நம்பிக்கையான ஒருவருக்குப் பதிவு செய்த அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. பிற்காலத்தில் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். அப்போது, இந்தியாவுக்கு விசா இல்லாமல் வந்து தங்க உதவும் ஓசிஐ அட்டை பெறலாம்; அந்த அட்டையுடன் பூர்வீக வீட்டுப் பங்கை வாரிசாகப் பெற முடியும், ஆனால் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. வெளிநாட்டு இணையர் ஓசிஐ அட்டை கேட்க, திருமணம் பதிவாகி, விண்ணப்பத்துக்கு முன் தொடர்ந்து 2 ஆண்டுகள் நீடித்திருக்க வேண்டும். ஊர் திரும்பும் எண்ணம் சிறிதேனும் இருந்தால், அதற்காகவும் பதிவைத் தள்ளிப்போடாமல் முடித்துவிட்டே கிளம்புங்கள்.