டுசல் ஓடையின் போக்கை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் ரைன் நதிக்கரை நகரம் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அது பெயர் வாங்கியது ரைனிடம் இல்லை. கிழக்கே மேட்டு நிலத்தில் பிறந்து, சுமார் 40 கிலோமீட்டர் ஓடிவந்து, நகரத்துக்குள் ரைனில் கலக்கும் டுசல் என்ற ஓடையிடம் வாங்கியது. 1288-ல் வொரிங்கன் போருக்குப் பிறகு நகர உரிமை பெற்ற அந்த ஊர், ஓடை ஆற்றில் விழும் இடத்தில் இருந்த சிறு குடியிருப்புதான்.

இவ்வளவு சின்ன ஓடையின் போக்கை எழுதுவதில் என்ன சிக்கல் வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். பெரிய ஆறுகளைப் பற்றித் தப்பாக எழுதினால் யாராவது உடனே பிடித்துவிடுவார்கள். ஓடைகளுக்கு அப்படி யாரும் இல்லை. ஒருவர் எழுதிய பிழை அடுத்தவர் கட்டுரைக்கும், அங்கிருந்து பயணக் குறிப்புக்கும், பள்ளிப் பிள்ளையின் செயல்திட்டத்துக்கும் அப்படியே போய்ச் சேர்கிறது. பெரும்பாலான பிழைகளுக்கு வேர் ஒன்றுதான்: தண்ணீரைப் பின்தொடராமல் பெயரையும் எல்லைக்கோட்டையும் பின்தொடர்வது. டுசலில் அந்தப் பிழைகள் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் இடமிருக்கிறது. அதனால்தான் அதை எடுத்துக்கொண்டேன்.

தொடங்குமுன் ஒன்று. வந்து சேரும் நீரோட்டத்தை இங்கே துணையோடை என்றும், பிரிந்து போவதைக் கிளை என்றும் எழுதுகிறேன். இரண்டையுமே ‘கிளையாறு’ என்று எழுதிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. மேல்பாதியில் சேர்ந்துகொண்டே வந்து கீழ்ப்பாதியில் பிரிந்துகொண்டே போகும் டுசலுக்கு அந்தப் பழக்கம் ஆகாது.

ஊர் எல்லை வேறு, நீர் எல்லை வேறு

டுசல் பிறப்பது வுல்ஃப்ராத் ஊரைச் சேர்ந்த ப்ளோம்ராத் பகுதியில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 250 மீட்டர் உயரத்தில். மலைச்சிகரம், அருவி என்று எதையும் எதிர்பார்க்கக் கூடாது. வயல்களும் மேய்ச்சல் நிலமும் கொண்ட ஏற்ற இறக்கமான நிலம் அது. இப்படிப்பட்ட இடங்களில் ஊற்று ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. நிலத்தடி நீர் உயர்ந்தால் சற்று மேலே கசியும், வறண்ட கோடையில் கீழே இறங்கிவிடும். ஆகவே உற்பத்தி இடத்துக்கு மீட்டர் கணக்கில் துல்லியம் காட்டுவது பயனற்ற வேலை.

உண்மையில் கவனிக்க வேண்டியது அந்த மேட்டில் தண்ணீர் எந்தெந்தப் பக்கம் பிரிகிறது என்பதைத்தான். அதே வுல்ஃப்ராத்தில் பிறக்கும் ஆங்கர் என்ற இன்னோர் ஓடை ராட்டிங்கன் வழியாக வடமேற்கே போய் டுயிஸ்பர்க் நகரில் ரைனைச் சேர்கிறது. பக்கத்து நேவிகஸ் பகுதியின் மழைநீர் வடக்கே இறங்கி ரூர் ஆற்றுக்குப் போகிறது. தெற்கே இருப்பது வூப்பர் ஆற்றின் வடிநிலம், அது லெவர்குசனில் ரைனோடு கலக்கிறது. நாலு தண்ணீரும் கடைசியில் ரைனுக்குத்தான் போகின்றன என்றாலும் போகும் வழி நாலு, சேரும் இடமும் வேறு வேறு. இந்த நீர்ப்பிரிமேடு கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. சாலையில் போகிறவருக்கு அது ஒரு சாதாரண ஏற்றம்தான்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, நகராட்சி எல்லையை நீர்ப்பிரிமேடாக எடுத்துக்கொள்வது. வூப்பர்டால் என்றால் வூப்பர் பள்ளத்தாக்கு. ஆகவே அந்த நகரத்துக்குள் விழும் மழையெல்லாம் வூப்பரில்தான் சேரும் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் 1975-ல் வூப்பர்டாலோடு இணைக்கப்பட்ட ஷோலர் என்ற கிராமம் டுசல் கரைப் பக்கம் இருக்கிறது. அதே நகரத்தின் ஃபோவிங்கல் பகுதியில்தான் டுசலின் துணையோடைகளில் ஒன்று தொடங்குகிறது. நிர்வாகத்தில் வூப்பர்டால், தண்ணீரில் டுசல். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும்.

டுசல் என்ற பெயரிலேயே ஒரு கிராமம் ஓடையின் மேல்பகுதியில் உண்டு, வுல்ஃப்ராத்தின் ஒரு பகுதியாக. அதை டுசல்டோர்ஃபின் பழைய பெயர் என்று நினைத்து எழுதக் கூடாது. இரண்டும் ஓடையின் இரு முனைகளுக்கு அருகில் இருக்கும் வேறு வேறு ஊர்கள்.

வலது எது, இடது எது

துணையோடைகளைப் பட்டியலிடும்போது வலப்புறம், இடப்புறம் என்று குறிப்பது வழக்கம். விதி ஒன்றுதான்: தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். ஓடைக்கு எதிராக நடந்து வந்தவர் தன் கைப்பக்கத்தை வைத்து எழுதினால் எல்லாம் தலைகீழாகிவிடும். வரைபடத்தின் வலப்பக்கத்தைப் பார்த்து எழுதுகிறவர்களும் இப்படித்தான் தவறுகிறார்கள்.

டுசல் முதலில் தெற்காக இறங்குகிறது, ஆப்ராத் பக்கம் மேற்கே திரும்புகிறது, க்ரூட்டனைத் தாண்டியதும் வடமேற்கு நோக்கிப் போகிறது. மேற்கே ஓடும்போது வடக்கிலிருந்து வருவது வலப்புறத் துணையோடை. தெற்கே ஓடும்போது வலப்புறம் என்பது மேற்கு. ஆகவே ‘வடக்கு என்றால் வலது’ என்று ஒரு சூத்திரம் வைத்துக்கொண்டும் பிழைக்க முடியாது. சேரும் ஒவ்வோர் இடத்திலும் திசையைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

க்ரூட்டன் கிராமத்தில் மரச்சட்ட வீடுகளுக்கு நடுவே வந்து சேரும் சின்ன டுசல் இடப்புறத் துணையோடை. பெயரில் ‘டுசல்’ இருப்பதால் அதை ஓடையின் ஒரு கிளையாகவோ பழைய தடமாகவோ பலர் நினைத்துவிடுகிறார்கள். அது தனியாகப் பிறந்து, தனியாக ஓடிவந்து கலப்பது. மெட்மன் ஊர் வழியாக வரும் மெட்மன் ஓடை வலப்புறமாக நியாண்டர்தால் பள்ளத்தாக்கில் சேர்கிறது. டுசலின் பெரிய துணைகளில் அதுவும் ஒன்று. ஹுபல்ராத் பக்கமிருந்து வருவதும் வலப்புறம்தான்.

சந்தேகம் வந்தால் தீர்த்துக்கொள்ள ஜெர்மனியில் நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் ஆற்றுக்கும் ஓடைக்கும் நீர்நிலை எண் கொடுத்திருக்கிறார்கள். ரைனுக்கு 2, அதில் சேரும் ரூருக்கு 276, லிப்பவுக்கு 278. ஒன்றில் சேரும் துணை எதுவானாலும் அதன் எண், தாய் ஆற்றின் எண்ணில்தான் தொடங்கும். ரூரில் சேரும் லென்ன ஆற்றுக்கு 2766 என்று இருப்பதைப் பார்த்தால் முறை புரிந்துவிடும். எது எதில் கலக்கிறது என்பதை இந்த எண்ணை வைத்துச் சரிபார்த்தால் பெயர்களின் குழப்பம் பாதி குறையும்.

நியாண்டர் என்றோர் ஆறு இல்லை

வூப்பர்டாலில் வூப்பர் ஓடுவதால், நியாண்டர்தாலில் நியாண்டர் என்று ஏதோ ஓடும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே ஓடுவது டுசல். பள்ளத்தாக்கின் பெயர் 17-ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் உலவிய சமயப் பாடலாசிரியர் யோஆகிம் நியாண்டரிடமிருந்து வந்தது.

இதைவிடப் பெரிய தவறு, இன்று அங்கே போய்ப் பார்ப்பதை 1856-ல் இருந்த இடமாக நினைப்பது. அந்த ஆண்டு ஆகஸ்டில் சுண்ணாம்புக்கல் குவாரித் தொழிலாளர்கள் ஒரு குகையிலிருந்து களிமண்ணை வெட்டி வெளியே தள்ளும்போது எலும்புகள் கிடைத்தன. எல்பர்ஃபெல்டில் ஆசிரியராக இருந்த யோஹான் கார்ல் ஃபுல்ராட் அவை பழங்கால மனித எலும்புகள் என்று கண்டுகொண்டார். 1864-ல் வில்லியம் கிங் என்ற புவியியலாளர் அந்த மனித இனத்துக்குப் பள்ளத்தாக்கின் பெயரையே வைத்தார். இதெல்லாம் பலரும் எழுதுவதுதான். ஓடையைப் பற்றி எழுதுகிறவர் சேர்க்க வேண்டியது இன்னொன்று: அந்தக் குகை இருந்த பாறைச்சுவர் இன்று இல்லை. டுசல் சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு ஓடிய செங்குத்தான இடுக்கு அது. கரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் இருபுறமும் பாறையும் குகை வாய்களுமாக இருந்த இடம். குவாரி அதை முழுங்கிவிட்டது. குகையைக் காணோம், குகை இருந்த மலையையும் காணோம்.

எலும்புகள் கிடைத்த இடமே எதுவென்று தெரியாமல் போய், 1997-ல் ரால்ஃப் ஷ்மிட்ஸ், யூர்கன் டிஸ்ஸன் என்ற இரு தொல்லியலாளர்கள் அன்று தள்ளிவிட்ட மண்குவியலைத் தோண்டித்தான் அதை மீண்டும் உறுதி செய்தார்கள். புதிய எலும்புத் துண்டுகளும் அதே மண்ணில் கிடைத்தன. மறைந்துபோன பாறைச்சுவரின் இடத்தைக் காட்ட இப்போது அங்கே சிவப்பு வெள்ளைக் கம்பங்கள் நிற்கின்றன. அவற்றின் நடுவில் நின்று பார்த்தால் திறந்த புல்வெளிதான் தெரியும். அருகிலேயே டுசல் தாழ்ந்த கரைகளுக்கு நடுவே அமைதியாகப் போகும். ‘ஆழமான பள்ளத்தாக்கின் வழியே பாய்கிறது’ என்று பழைய வர்ணனையைப் பார்த்து எழுதுகிறவர்கள் 150 ஆண்டுகளுக்கு முன்பே அழிந்த ஒரு நிலத்தை இன்றும் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1921-ல் இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டபோது எஞ்சியிருந்ததைத்தான் காப்பாற்ற முடிந்தது. இந்த இழப்பை ஒரு வரியிலாவது சொல்லாத கட்டுரையை நான் முழுமையானதாக எண்ணுவதில்லை.

ஓர் ஓடை, நாலு முகத்துவாரம்

பாடப்புத்தகப் படத்தில் ஆறு ஒரு மரம்: பல கிளைகள் ஒன்றாகச் சேர்ந்து ஓர் அடிமரமாகி முடியும். ஏர்க்ராத் ஊரைத் தாண்டும்வரை டுசலும் அப்படித்தான். அதன் பிறகு படம் மாறிவிடுகிறது. டுசல்டோர்ஃபின் கிழக்குப் பகுதியில், ஹோயர்ஹோஃப் என்ற இடத்தில் நீர் பிரிக்கும் கட்டுமானம் ஒன்று இருக்கிறது. வருகிற தண்ணீரை அது வடக்கு டுசல், தெற்கு டுசல் என்று இரண்டாகப் பிரித்து அனுப்புகிறது. இது தானாக உருவான கழிமுகம் இல்லை. எந்தப் பக்கம் எவ்வளவு தண்ணீர் போக வேண்டும் என்பதை மனிதர் தீர்மானிக்கும் இடம்.

அதோடு முடியவில்லை. வடக்கு டுசலிலிருந்து கிட்டல்பாக் பிரிந்து வடக்கே போய், பழைய அரண்மனை இடிபாடு நிற்கும் கைசர்ஸ்வெர்த் அருகே ரைனில் விழுகிறது. தெற்கு டுசலிலிருந்து ப்ரூக்கர்பாக் பிரிந்து, தெற்கே ஹிம்மெல்கைஸ்ட் பக்கம் ரைனைத் தொடுகிறது. மீதித் தண்ணீர் நகரத்தின் நடுப்பகுதிக்கு வருகிறது. வடக்கு டுசல் ஹோஃப்கார்ட்டன் பூங்கா வழியாகப் பழைய நகரத்துக்குள் நுழைந்து, பெரும்பாலும் நிலத்துக்கடியில் ஓடி, கோட்டைக் கோபுரம் நிற்கும் புர்க்பிளாட்ஸ் அருகே முடிகிறது. தெற்கு டுசல் பில்க் பகுதியில் கரோலிங்கர் தெரு நெடுகத் திறந்த வாய்க்காலாக, மரங்களுக்கு நடுவே வீட்டு வாசல்களை ஒட்டியே ஓடி, கடைசியில் அதுவும் ரைனில் சேர்கிறது.

ஆகவே ‘டுசல் எங்கே ரைனில் கலக்கிறது?’ என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் எழுதினால் அது தவறு. எந்தக் கிளை என்று சொல்ல வேண்டும். நீளத்துக்கும் இதுவே பொருந்தும். இரண்டு இடங்களில் இரண்டு விதமான கிலோமீட்டர் கணக்கைப் பார்த்தால் ஒன்று பொய் என்று முடிவுகட்டாதீர்கள். எந்தக் கிளை வழியாக எந்த முகத்துவாரம்வரை அளந்தார்கள் என்று பாருங்கள். வேறுபாடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

துணையோடைகளிலும் இதே பிழை நுழைகிறது. கெரஸ்ஹைம் பகுதியில் வந்து சேரும் பில்லபாக், பிரிவுக்குப் பின்னால் வடக்கு டுசலில் கலப்பது. எல்லர் பகுதியில் வரும் ஏசல்ஸ்பாக் கலப்பது தெற்கு டுசலில். இரண்டையும் பொதுவாக ‘டுசலின் துணையோடைகள்’ என்று ஒரே வரிசையில் மெட்மன் ஓடையோடு போட்டுவிட்டால், ஏசல்ஸ்பாக்கின் தண்ணீர் பழைய நகரத்தின் வடக்குக் கிளைக்கும் வருகிறது என்று படிப்பவர் நினைத்துவிடுவார். பிரிவுக்கு மேலே சேர்பவை, வடக்குக் கிளையில் சேர்பவை, தெற்குக் கிளையில் சேர்பவை என்று பிரித்து எழுதினால் குழப்பமே இல்லை.

நகரத்தின் பெயர்பெற்ற கடைத்தெருவான க்யோனிக்ஸ்அலேயின் நடுவில் கிடக்கும் நீண்ட நீர்ப்பரப்பை டுசலின் இயற்கையான தடம் என்று எழுதுவதும் உண்டு. பழைய கோட்டை அரண்களை இடித்த பிறகு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த அகழி அது. தண்ணீர் டுசலுடையது, தடம் டுசலுடையது அல்ல.

ரைனைப் பார்த்து டுசலை எடைபோடாதீர்கள்

இது கட்டுரை எழுதுகிறவர்களுக்கு மட்டுமல்ல, ஓடைக்கரையில் குடியிருப்பவர்களுக்கும் சொல்வது. டுசல்டோர்ஃபில் வெள்ளம் என்றால் எல்லோர் கண்ணும் ரைனின் நீர்மட்டத்தைத்தான் பார்க்கும். ரைனின் வெள்ளம் தொலைவிலிருந்து வருவது. மேலே எங்கோ மழை பெய்து, பனி உருகி, நாட்கணக்கில் இறங்கி வரும், முன்னறிவிப்புக்கு நேரம் இருக்கும். டுசலின் வடிநிலம் சிறியது. அதன் மேல் ஒரே நாளில் பெருமழை கொட்டினால் சில மணி நேரத்தில் தண்ணீர் வாசலுக்கு வந்துவிடும். தார்ச்சாலையும் கூரையும் பெருகிய புறநகரில் மண்ணுக்குள் இறங்க வேண்டிய மழையும் நேராக ஓடைக்கே போகிறது.

2021 ஜூலை 14-ஆம் தேதி நடந்தது இதுதான். ஏர்க்ராத்திலும் டுசல்டோர்ஃபின் கிழக்குப் பகுதியிலும் டுசல் கரைபுரண்டு வீடுகளுக்குள் புகுந்தது. கெரஸ்ஹைம், க்ராஃபன்பெர்க் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து மக்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. ரைன் கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கும் இடங்கள் அவை. ‘ஆறு தூரத்தில்தானே இருக்கிறது’ என்ற நம்பிக்கை அங்கே எவருக்கும் உதவவில்லை. அந்தப் பகுதிகளில் வீடு பார்க்கிறவர்கள் ரைன் வெள்ள வரைபடத்தோடு நிற்காமல், ஓடைக்கான வெள்ள அபாய வரைபடத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் மாநில அரசுகள் அவற்றை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கின்றன.

ரைனுக்கும் டுசலுக்கும் தொடர்பே இல்லை என்றும் எழுதிவிடக் கூடாது. ரைன் உயர்ந்து நிற்கும்போது ஓடையின் தண்ணீர் முகத்துவாரத்தில் இறங்க இடமில்லாமல் தேங்கும். அந்த நேரத்தில் மேட்டு நிலத்திலும் மழை பிடித்துக்கொண்டால், ஓடையின் கீழ்ப்பகுதிக்கு இரண்டு பக்கமிருந்தும் நெருக்கடி வரும்.