கார் ஏசி கம்ப்ரசர் வீட்லயே மாத்துறது எப்டி

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வண்டி நிக்கிதுன்னா உப்புக்காத்துல கம்ப்ரசர் போல்ட்டெல்லாம் துரு புடிச்சி கெடக்கும், மொத நாள் ராத்திரியே துரு ஸ்ப்ரே அடிச்சி ஊற வுட்ருங்க. ஏசி கேஸ மட்டும் நீங்களா தொறந்து வுடவே வாணாம்பா, கைல பட்டா சதை உறைஞ்சி புண்ணாயிடும், அதுவும் நெறைய கார் ஏசில இருக்கற ஆர்-134ஏ, கார்பன் டை ஆக்சைட விட 1,000 மடங்குக்கு மேல பூமிய சூடாக்குற கேஸு. ஏசி கடைல மெஷின் வச்சி உறிஞ்சி எடுப்பாங்க, அங்கயே குடுத்துருங்க.

அப்பால பேட்டரி மைனஸ், பெல்ட், வயர் கப்ளர், ரெண்டு பைப்பு, கடைசியா போல்ட்டு. கழட்டுன பைப் வாய உடனே பாலிதீன் போட்டு கட்டிருங்க, நம்ம ஊரு ஈரம் உள்ள போச்சின்னா ஆயிலோட சேந்து ஆசிட் ஆயிரும்.

பழைய கம்ப்ரசர் ஆயில அளவு டம்ளர்ல வடிச்சி வெளிச்சத்துல பாருங்க. வெள்ளியா தூள் மினுக்குதுன்னா உள்ள அரைஞ்சி போயி தூளு லைன் முழுக்க பரவிருக்கு, அப்டியே புதுச மாட்னா அதுவும் சீக்கிரமே காலி, பைப்ப ஃப்ளஷ் பண்ணி (உள்ள கழுவி) கன்டென்சரும் (முன்னாடி ரேடியேட்டர் மாரி இருக்கும், கேஸ குளுர வைக்கும்) எக்ஸ்பான்ஷன் வால்வும் (கேஸ் அழுத்தத்த கொறைக்கறது) மாத்தியே ஆவணும். தூள் இல்லன்னாலும் ட்ரையரும் (லைன்ல ஈரத்த உறிஞ்சறது) ஓ-ரிங்கும் (பைப் ஜாயிண்ட் ரப்பர்) புதுசு தான், அதுல காசு மிச்சம் புடிக்காதீங்க. ஆயில் கிரேடு வண்டி மேனுவல்ல இருக்கறது தான், பெல்ட் இல்லாம கரண்ட்ல ஓடுற கம்ப்ரசர் இருக்கற ஹைப்ரிட் வண்டிக்கு சாதா பிஏஜி ஆயில் (பெல்ட் கம்ப்ரசர்ல ஊத்துற வகை) ஆவவே ஆவாது.

மாட்னதும் கம்ப்ரசர கையால பத்து சுத்து சுத்துங்க, அப்பறம் ஏசி கடைல அரை மணி நேரமாச்சும் வேக்யூம் போட்டு (லைன்ல இருக்கற காத்த உறிஞ்சி), கேஜ் முள்ளு ஜீரோ பக்கம் திரும்பாம நிக்கிதான்னு பாத்துட்டு, பானெட் ஸ்டிக்கர்ல போட்டுருக்கற கிராம் கணக்குக்கே கேஸ் ஏத்த சொல்லுங்க.