ரேக்ளா பாக்கப் போறீங்களா? மொதல்ல மரத்தடிக்கு போங்க

2014 மே மாசம் சுப்ரீம் கோர்ட் தடை போட்டப்ப ஜல்லிக்கட்டோட நம்ம ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயமும் நின்னுருச்சு, 2017ல சட்டத்த திருத்தி திரும்ப வந்துச்சு, 2023 மே மாசம் அந்தச் சட்டம் செல்லும்னு தீர்ப்பும் வந்தாச்சு. இப்ப பொள்ளாச்சி, உடுமலை பக்கமெல்லாம் நடக்குது, எனக்கு ரொம்ப சந்தோசமுங்க. ஆனா வர்றவங்கள்ல பாதிப்பேரு செல்போன்ல வண்டி போறத புடிச்சுட்டு, பரிசு என்னன்னு கேட்டுட்டு கெளம்பிடறாங்க, மாட்ட பாக்கறதே இல்ல. அது எனக்கு மனசு கேக்கல, அதான் இத எழுதறேன்.

காலைல நேரத்துலயே போயிருங்க. மாடு கட்டியிருக்கற மரத்தடிக்கு போயி, பின்பக்கமா நிக்காம, ஓனர்கிட்ட கேட்டுட்டு கிட்ட போங்க. "எத்தன பல்லுங்க?"ன்னு கேட்டீங்கன்னா போதும், மனுசன் மொகம் மலந்துரும். ரெண்டு பல்லுன்னா ஏறக்கொறைய ரெண்டு, ரெண்டர வயசு, எட்டு பல்லும் சேர நாலஞ்சு வருசம் ஆகும். ஓட்டம் எளங்காளைக்கு 200 மீட்டர், பெருசுக்கு 300. நம்ம பக்கத்து காங்கேயம் இன மாட்டுக் கன்னு பொறக்கறப்ப செவலையா இருக்கும், ஆறு மாசத்துக்கு மேல நெறம் மாறும், காளைக்கு திமிலும் கழுத்தும் கருத்துரும். கொறங்காட்டுல, அதாவது வேலி போட்ட மேய்ச்சக் காட்டுல, கொளுக்கட்டைப்புல்லு மேஞ்சு, கிளுவை வேலிக்குள்ள வளந்த மாடுங்க அதெல்லாம், சித்திரைல கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்கு ஒருக்கா போயி பாத்தா இன்னும் புரியும்.

ஓட்டம் ஆரம்பிச்சா எல்லாரும் முடியற கோட்டுகிட்ட முண்டுவாங்க, நீங்க பொறப்படற எடத்துல தடுப்புக்கு வெளிய நில்லுங்க. நம்ம பக்கம் ஒவ்வொரு வண்டியா தான் விடுவாங்க, போட்டியே ஸ்டாப்வாட்ச்சோட தான். அதனால ரெண்டு காளையும் ஒண்ணா கெளம்புதா, நுகத்தடி சாயாம போகுதான்னு பாருங்க, ஒண்ணு இழுத்து ஒண்ணு பின்தங்குனா வண்டி கோணிக்கும், செகண்டு அங்கயே போயிரும். வால முறுக்கறவன், ஆணிக்குச்சி வெச்சு குத்தறவன் எவ்வளவு வேகமா வந்தாலும் தயவுசெஞ்சு கைதட்டாதீங்க, நாம கைதட்டறதுனால தான் அது நிக்க மாட்டேங்குது. ரேஸ் நெறையா இருக்குங்கறதுக்காக ஒரே ஜோடிய வாராவாரம் ஏத்தி எறக்கறதும் தப்பு தானுங்க.

பரிசு குடுக்கறப்ப மேடைப்பக்கம் போவாதீங்க, கொழந்தைகள கூட்டிட்டு திரும்ப அந்த மரத்தடிக்கே வாங்க. ஓடுன மாட்ட மெதுவா நடத்தி, மூச்சு அடங்குனப்பறம் தண்ணி காட்டுவாங்க, அத நின்னு பாத்துட்டு வீட்டுக்கு போங்க.