உருவமும் அரூபமும் ஒரே கேன்வாஸில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் உருவத்தை அடையாளம் தெரியும்படி வரைவதும், வண்ணத்தையும் கோட்டையும் எந்தப் பொருளையும் சுட்டாமல் இயங்க விடுவதும் ஒரே கேன்வாஸில் சேரும்போது கிடைக்கும் விசை, இரண்டில் ஒன்றை மட்டும் கையாளும் ஓவியத்தில் கிடைப்பதில்லை என்று நம்புகிறவன் நான். வெளியிலிருந்து பார்க்க இந்த வழி எளிதாகத் தோன்றுவதால் இதில் இறங்குகிறவர்கள் அதிகம். பாதியில் கலங்கி நிற்பவர்களும் அதிகம். என் வேலையிலும், ஓவியங்களைக் கொண்டுவந்து காட்டும் இளையவர்களின் வேலையிலும் நான் திரும்பத் திரும்பக் கண்ட தவறுகளை இங்கே எழுதுகிறேன். அவற்றில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து வருகின்றன: உருவம் ஒரு வேலை, அரூபம் வேறொரு வேலை என்று பிரித்துக்கொண்டு, முதலாவதை முடித்த பிறகே இரண்டாவதைத் தொடங்குகிறோம்.

உருவத்தை முடித்துவிட்டுப் பின்புலத்துக்குப் போவது

சில ஆண்டுகளுக்கு முன், அம்மா தரையில் அமர்ந்து அரிவாள்மனையில் வாழைத்தண்டு நறுக்குவதை மூன்றடிக்கு நான்கடி கேன்வாஸில் வரைந்தேன். வட்டமாக நறுக்கிய ஒவ்வொரு வில்லையையும் இழுத்து, அதிலிருந்து வரும் நாரை அவர் ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போவார். அந்த விரலையும் முகத்தையும் சேலைக் கொசுவத்தையும் முடிக்க எனக்கு ஒன்பது நாட்கள் ஆயின. அதுவரை பின்புலம் வெறும் வெள்ளையாகவே இருந்தது. பத்தாம் நாள் அகலமான தூரிகையை எடுத்துக் காவியும் நீலமுமாக, கை போன போக்கில் வண்ணத்தை இழுத்தேன். ஓரங்களில் தூரிகை வேகமாகவும் அழகாகவும் ஓடியது. ஆனால் தோளை நெருங்கும்போதெல்லாம், முடித்து வைத்த உருவம் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் கை தானாகத் தயங்கியது. சில அடி தள்ளி நின்று பார்த்தபோது, உடலைச் சுற்றி இரண்டு விரற்கடை அகலத்தில், வேகமில்லாத, கவனமாகப் பூசிய ஒரு வளையம் தெளிவாகத் தெரிந்தது. அம்மாவைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து ஒட்டியதுபோல் இருந்தது.

இந்தப் பய வளையத்தை நான் பார்த்த பாதிக்கு மேற்பட்ட ஓவியங்களில் காண்கிறேன். இதைச் சரிசெய்ய முயன்று பலரும் உருவத்தின் மேலும் நாலு சொட்டு வண்ணத்தைத் தெளிக்கிறார்கள். அப்போது உருவத்தின் மேல் வண்ணம் சிந்தியதுபோல் இருக்குமே தவிர, இரண்டும் கலப்பதில்லை. முதல் நாளிலேயே கேன்வாஸ் முழுவதையும் மூடிவிடுவதுதான் இதற்கு நான் கண்ட வழி. உருவத்துக்கும் வெளிக்கும் ஒரே தூரிகை, ஒரே வேகம், ஒரே கலவையிலிருந்து எடுத்த வண்ணம் என்று தொடங்கி, இரண்டையும் ஒரே அளவு முடியாத நிலையில் பல நாட்கள் வைத்திருக்க வேண்டும். அம்மாவின் படத்தை மறுபடி தொடங்கியபோது நான் முதலில் வரைந்தது அவர் முகத்தை அல்ல. வளைந்த முழங்கைக்கும் இடுப்புக்கும் இடையில் தெரிந்த முக்கோண வெளியைத்தான். அதைச் செம்மண் நிறத்தில் ஒரு திடப்பொருள்போலப் பூசியதும், கையின் வளைவு தானாகவே அதன் விளிம்பாக வந்து நின்றது. கையைத் தனியாக வரைய வேண்டிய தேவையே எழவில்லை.

அமெரிக்க ஓவியர் வில்லெம் டி கூனிங் தம் 'பெண் 1' ஓவியத்தை 1950இல் தொடங்கி 1952இல்தான் முடித்தார். வரைவதும் சுரண்டுவதும் மீண்டும் வரைவதுமாக நீண்ட காலம் போராடி, ஒரு கட்டத்தில் அதைக் கைவிட்டு ஒதுக்கியும் வைத்துவிட்டார்; கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷாப்பிரோ பார்த்துப் பேசிய பிறகே மீண்டும் கையில் எடுத்தார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தில் பெண்ணின் தோள் எங்கே முடிகிறது, அருகிலுள்ள பச்சையும் வெள்ளையும் எங்கே தொடங்குகின்றன என்று விரல் வைத்துக் காட்டுவது கடினம். அதே சமயம் கண்களும் பற்களும் மார்பும் ஒரு நொடியில் தெரிகின்றன. அவர் காகிதத்தில் வரைந்த பகுதிகளை வெட்டிக் கேன்வாஸின் மேல் வைத்து நகர்த்திப் பார்ப்பார். ஈர வண்ணம் சீக்கிரம் காயாமல் இருக்கச் செய்தித்தாளை அதன் மேல் அழுத்தி வைப்பார். எந்தப் பகுதியையும் முடிந்தது என்று பூட்டிவிடாமல், எல்லாவற்றையும் கடைசி வரை மாற்றக்கூடிய நிலையில் வைத்திருப்பதற்கான ஏற்பாடுகள் அவை. அந்தப் படத்தின் ஆவேசத்தைப் பார்த்து அது ஒரே மூச்சில் வரையப்பட்டது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வரையத் தெரியாததை அரூபத்தால் மறைப்பது

இதைச் சொல்லும்போது யாரையும் புண்படுத்தும் எண்ணம் எனக்கில்லை, நானும் செய்திருக்கிறேன். கைவிரல்கள் சரியாக வரவில்லை என்றால் அந்த இடத்தில் வண்ணம் குழைக்கும் பேலட் கத்தியால் ஓர் இழுப்பு. பாதம் தரையில் பதியவில்லை என்றால் கீழ்ப்பகுதி முழுவதும் புகைமூட்டம். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும், அந்த இடத்தில் ஓவியம் தளர்ந்திருப்பது தெரிந்துவிடும். தெரிந்தே விட்டுவிட்ட கோட்டுக்கும் வரையத் தெரியாமல் விட்ட கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண் எப்படியோ உணர்ந்துகொள்கிறது.

பிக்காசோ 1945 டிசம்பரிலும் 1946 ஜனவரியிலும் பாரிஸில் மூர்லோவின் அச்சுக்கூடத்தில் செய்த காளை லித்தோகிராஃப் (கல்லச்சு) வரிசையைப் பலரும் 'படிப்படியாகக் குறைப்பது' என்பதற்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள். பதினொரு நிலைகள், கடைசியில் எஞ்சுவது சில கோடுகள் மட்டுமே. ஆனால் அந்த வரிசையின் தொடக்கத்தை நிதானமாகப் பார்ப்பவர்கள் குறைவு. முதல் காளைக்கு அடுத்து வருபவை மெலியவில்லை, முன்பைவிடக் கனக்கின்றன: தோல் தடித்து, திமிலும் தோளும் புடைத்து, மிருகத்தின் முழு எடையும் தரையில் இறங்குகிறது. அதற்குப் பிறகே அவர் உடலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எடை எங்கே தாங்கப்படுகிறது என்று பார்த்து, தேவையற்றதை நீக்கத் தொடங்குகிறார். கடைசிக் கோட்டில் காளையின் எடை இன்னும் இருப்பதற்குக் காரணம், அவர் அதை முன்பே முழுமையாக ஏற்றிப் பார்த்திருக்கிறார் என்பதுதான்.

ஆகவே விரலை அழிக்க நினைப்பவர் முதலில் அந்த விரலை ஸ்கெட்ச் புத்தகத்தில் இருபது முறையாவது நேரில் பார்த்து வரைய வேண்டும் என்பேன். கைபேசியில் எடுத்த புகைப்படத்தை வைத்து வரைந்தால் போதாது. புகைப்படம் எல்லா விளிம்பையும் ஏறக்குறைய ஒரே கூர்மையில் தருகிறது. எதை விடுவது, எதை வைப்பது என்று அது நமக்குச் சொல்வதில்லை. நேரில் பார்க்கும்போது கண் ஓர் இடத்தில் தங்குகிறது, மற்றவை தாமாகவே மங்குகின்றன. உருவத்தைக் கரைப்பதற்கான முதல் பாடம் அந்த மங்கலில்தான் இருக்கிறது. நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால் ஓவியர் கே.எம். ஆதிமூலத்தைச் சொல்லலாம். காந்தி நூற்றாண்டையொட்டி 1969இல் அவர் நூறு காந்தி கோட்டோவியங்களை வரைந்தார். பிற்காலத்தில் உருவமே இல்லாத எண்ணெய் வண்ண வெளிகளுக்கு அவர் நகர்ந்தபோது, எந்த இடத்தில் வண்ணத்தை நிறுத்த வேண்டும் என்ற முடிவில் அந்தப் பழைய கோட்டுப் பயிற்சி வேலை செய்வதாகவே நான் பார்க்கிறேன்.

கோட்டால் மீட்பது, நிறத்தை மட்டும் நம்புவது

உருவம் வெளியில் கரைந்துபோகத் தொடங்கியதும் பலருக்குப் பதற்றம் வந்துவிடுகிறது. உடனே கறுப்பு எடுத்து உருவத்தைச் சுற்றி மீண்டும் ஒரு வரம்புக் கோடு போட்டுவிடுகிறார்கள். பல நாள் உழைப்பு அந்த ஒரு கோட்டில் வீணாகிறது. விளிம்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. ஓரிடத்தில் வெட்டியதுபோல் கூர்மை, ஓரிடத்தில் ஈரத்தோடு ஈரம் கலந்த மென்மை, ஓரிடத்தில் விளிம்பே இல்லாமல் உருவத்தின் நிறமும் வெளியின் நிறமும் ஒன்றாதல் என்று மாறி மாறி வர வேண்டும். அம்மாவின் படத்தில் அரிவாள்மனையின் வளைந்த கத்தி முனையையும் நார் சுற்றிய விரலையும் மட்டும் கூர்மையாக வைத்தேன். முதுகுப் பக்கம் முழுவதும் சுவரின் நிறத்துக்குள் போய்விட்டது. அங்கே ஒரு முதுகு இருப்பதாகப் பார்த்தவர் எல்லோரும் உணர்ந்தார்கள். இல்லாத கோட்டை அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

விளிம்பைத் துணிந்து விட வேண்டுமென்றால் ஒளி இருள் அளவு, அதாவது டோன், சரியாக இருக்க வேண்டும். நிறம் எவ்வளவு துணிச்சலாக இருந்தாலும், முகத்துக்குப் பச்சையே பூசினாலும், டோன் பொருந்தினால் கண் அதை முகமாக ஏற்றுக்கொள்ளும். பொருந்தாவிட்டால் தோல் நிறத்தை அச்சு அசலாகக் கலந்தாலும் முகம் தட்டையாகவே நிற்கும். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கைபேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றியும் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறத்தை மாற்றிப் பயனில்லை. பிரெஞ்சு ஓவியர் நிக்கோலா தெ ஸ்டால் 1952 மார்ச்சில் பாரிஸின் பார்க் தே பிரின்ஸ் (Parc des Princes) மைதானத்தில் மின்விளக்கொளியில் நடந்த பிரான்ஸ் - ஸ்வீடன் கால்பந்தாட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து வரைந்த ஓவியங்களில், ஆட்டக்காரர்கள் கனத்த வண்ணக் கட்டிகளாகத்தான் இருக்கிறார்கள். முகம் இல்லை, விரல் இல்லை. ஆனால் ஓடுகிறார்கள், மோதுகிறார்கள். இரவு வெளிச்சத்தின் வெள்ளைக்கும் அதைச் சூழ்ந்த கருமைக்கும் உள்ள இடைவெளியை அவர் அவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்கிறார்.

முகம் பற்றித் தனியாக ஒன்று. மனிதக் கண் எந்தப் படத்திலும் முதலில் முகத்தைத் தேடும். கண்ணிமை முடி வரை தீட்டிய முகம் ஒன்று இருந்துவிட்டால், மீதி நான்கடி வண்ணமும் அதன் சட்டகமாகிவிடும். முகத்தைக் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள், அல்லது மற்ற பகுதிகள் எவ்வளவு திறந்திருக்கின்றனவோ அவ்வளவு திறந்தே வையுங்கள்.

தற்செயலாக வந்த அழகைக் காப்பாற்றுவது

இதுதான் விடுபடக் கடினமான தவறு. வண்ணம் வழிந்தோ, கத்தி நழுவியோ, ஓர் உள்ளங்கை அகலத்தில் அற்புதமான ஓர் இடம் அமைந்துவிடும். அதைத் தொட மனம் வராது. அடுத்த இரண்டு வாரம் முழு ஓவியமும் அந்த ஓர் இடத்துக்கு ஏவல் செய்யத் தொடங்கும்: அது கெடாதபடி கை நகரும், அதற்கு ஒத்துவரும் நிறமே தேர்வாகும், உருவம்கூட அதற்கு வழிவிட்டு ஒதுங்கும். படம் சிக்கி நிற்கும்போது நான் முதலில் சந்தேகப்படுவது எனக்கு மிகவும் பிடித்த இடத்தைத்தான். அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, மேலே பூசிவிடுகிறேன். பத்தில் எட்டு முறை ஓவியம் அன்றே நகரத் தொடங்குகிறது.

கலிஃபோர்னியாவின் ரிச்சர்ட் டீபென்கார்ன் இப்படி மூடித் திருத்துவதை ஒரு வாழ்க்கை முறையாகவே செய்தவர். அரூப ஓவியராகப் பெயர் பெற்றிருந்த அவர் 1955இல் உருவத்துக்குத் திரும்பினார். 1967இல் 'ஓஷன் பார்க்' வரிசையைத் தொடங்கி மீண்டும் அரூபத்துக்குப் போனார். அவருடைய பெரிய கேன்வாஸ்களில் திருத்திய கோடுகளும் மூடிய வண்ணங்களும் மேல்பூச்சுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை அவர் ஒளிக்கவில்லை. ஜன்னலருகே அமர்ந்த பெண்ணை வரைந்த காலத்தில் பழகிய செங்குத்துக் கோடும் கிடைக்கோடும் ஒளியும் பெண் போன பிறகும் அந்தப் படங்களில் தங்கியிருப்பதைப் பார்க்கும்போது, உருவமும் அரூபமும் எதிரெதிர்க் கட்சிகள் என்ற எண்ணமே விலகிப்போகிறது.

இதன் இன்னொரு முகம் பிறரின் அழகை எடுத்து ஒட்டுவது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் வரைந்த 'வார்த்தைகளும் குறியீடுகளும்' வரிசையைப் பார்த்துவிட்டு, உருவத்தின் பின்னால் எழுத்துகளையும் ஜாதகக் கட்டங்களையும் நிரப்பும் பழக்கம் இன்றும் இருக்கிறது. பணிக்கரிடம் எழுத்து என்பது வாசிப்பதற்கானது அல்ல. அது கோடு, இடைவெளி, தாளம். கேன்வாஸின் கட்டுமானமே அதுதான். அதை எடுத்துவிட்டால் ஓவியம் நிற்காது. உங்கள் படத்திலிருந்து அந்தக் கட்டங்களை விரலால் மறைத்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அவை அங்கே தேவையில்லை.

பொருள்களில் செய்யும் தவறு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் அலட்சியம் வேண்டாம். அக்ரிலிக் மேல் எண்ணெய் வண்ணம் பூசலாம். எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் பூசக் கூடாது, அது பிடிக்காமல் உரியும். எண்ணெய் வண்ணத்தில் அடிப்பூச்சுகள் டர்பன்டைன் கலந்து மெலிதாகவும், மேலே போகப் போக லின்சீட் எண்ணெய் கூடியும் இருக்க வேண்டும். மாறினால் வெடிப்பு வரும். பல முறை அழித்துத் திருத்தும் இந்த வழியில் இந்த விதி மற்ற ஓவியங்களைவிட முக்கியம், ஏனெனில் எந்தப் பூச்சு எதற்கு மேல் இருக்கிறது என்பது ஒரு மாதத்தில் நமக்கே மறந்துவிடும். ஆகவே கேன்வாஸின் பின்பக்கம் பென்சிலால் தேதியும் கலவையும் எழுதி வைப்பேன். தடித்த பகுதிகளை அடுத்தடுத்த நாட்களில் பூசி மூடாமல், பிடிக்கவில்லை என்றால் ஈரமாக இருக்கும்போதே கத்தியால் வழித்துவிடுவது நல்லது. வழித்த பிறகு எஞ்சும் மெல்லிய நிழல் பல சமயம் முன்பு இருந்ததைவிட உயிரோடு இருக்கும்.

எப்போது நிறுத்துவது என்று கேட்பவர்களுக்கு, கேன்வாஸைத் தலைகீழாகத் திருப்பி வைக்கச் சொல்வேன். தலைகீழாகப் பார்க்கும்போது அம்மா அம்மாவாக இருக்க மாட்டார். செம்மண் முக்கோணமும் நீலச் சரிவும் கத்தியின் வளைவும் மட்டுமே இருக்கும். அவை தாமாகவே சமன்பட்டு நிற்க வேண்டும். பிறகு நேராகத் திருப்பும்போது அம்மா உடனே தெரிய வேண்டும். அம்மாவை மறுபடி வரைந்த அந்த இரண்டாம் கேன்வாஸில் முதல் சோதனை ஐந்து வாரம் கழித்துத் தேறியது. இரண்டாவது தேறவில்லை, ஏனென்றால் நேராகத் திருப்பியபோது யாரோ ஒரு பெண்தான் அமர்ந்திருந்தார். விரலில் சுற்றிய நாரின் வெள்ளையை மட்டும் கொஞ்சம் கூட்டி, அந்த விரலைச் சற்று மேலே தூக்கினேன். அவர் அப்படித்தான் தூக்கி வைத்திருப்பார்.